ராசாவைத் தூக்கு

கச்சான் காற்று நாளைக்கே பிடித்துவிடும் போலிருந்தது. பிடித்தால் நான்கு மாதத்துக்கு அந்தப் பாறைப் பக்கம் படகு போகாது. இன்றைக்கே இறங்குவது என்று முடிவாயிற்று.

வேம்பாற்றுக் கடலில், ஆறு ஆள் ஆழத்தில், ஒரு பாறைப் பொந்துக்குள் கிடந்தது அந்தச் சலவைக்கல் தலை. யாரோ ஒரு கிரேக்க அரசனின் முகம். இரண்டாயிரம் வருஷமாவது இருக்கும் என்றார் தொல்லியல் ஆய்வாளர் மைதிலி. அதைக் கண்டுபிடித்தவன் சங்கு குளிக்கும் இஞ்ஞாசி. ஒரு வாரமாக இருவரும் அதை 'ராசா' என்றே சொல்லி வந்தார்கள். சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு நுழைய முடியாத பொந்து. மூச்சை அடக்கித்தான் போக வேண்டும்.

அங்கேதான் வந்தது வம்பு! அப்படி இறங்குகிறவனின் இடுப்புக் கயிறு மச்சான் கையில்தான் இருக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். தங்கச்சி தாலி அறுந்துபோக எவன் பொறுப்பான்? இஞ்ஞாசியின் மச்சான் லாசர் அன்றுதான் முதல்முறையாக அந்தப் படகில் ஏறினான். தங்கை நிறைமாதக்காரி, வராமல் எப்படி? ஆனால் இருவரும் பேசி இரண்டு மாதமாகிறது. மாதா திருவிழாவில் பத்துப் பேர் நடுவே லாசரின் படகைத் தகர டப்பா என்று சொல்லிவிட்டான் இஞ்ஞாசி. அன்றிலிருந்து லாசர் அவன் பெயரைச் சொல்வதில்லை. 'எங்க வீட்டு ராசா' என்று குத்தலாகச் சொல்வதோடு சரி.

படகின் அந்தக் கோடியில் ஒருவன், இந்தக் கோடியில் ஒருவன். எந்த இழுப்புக்கு என்ன அர்த்தம் என்று பேசி வைக்காமல் இறங்க முடியுமா? மைதிலிதான் தூது போனார்.

"ரெண்டு தடவை இழுத்தா கீழே எல்லாம் சரின்னு அர்த்தமாம். மூணு தடவை இழுத்தா ராசாவைத் தூக்கணுமாம்."

லாசர் தலையாட்டினான். ராசா யாரென்று அவனுக்குத் தெரியாதா என்ன!

இஞ்ஞாசி குதித்தான். சிலையைக் கட்டும் இன்னொரு கயிற்றின் நுனி அவன் கையில் இருந்தது. அதன் மறுமுனை கப்பியில், லாசரின் சொல்லுக்குக் காத்திருந்த இரண்டு ஆட்களின் பிடியில்.

மைதிலி எண்ணத் தொடங்கினார். முப்பதில் இரண்டு இழுப்பு. சரி. ஐம்பதில் மூன்று! லாசர் தன் கயிற்றை இழுத்தான். வரவில்லை. காலை ஊன்றிப் பலங்கொண்ட மட்டும் இழுத்தான். கயிறு விறைத்ததே தவிர ஒரு சாண் ஏறவில்லை. மறுபடி மூன்று. மறுபடி இழுத்தான். மறுபடியும் மூன்று, இந்த முறை வலுவே இல்லாமல். லாசர் இன்னும் வேகமாக இழுத்தான். தங்கச்சி முகத்தில் எப்படி விழிப்பான்?

எழுபத்தைந்து.

"ராசாவைத் தூக்கச் சொல்றார், நீங்க ஏன் அவரை இழுக்கிறீங்க?" என்றார் மைதிலி பதறிப்போய்.

"எந்த ராசா?"

"சிலைதான் ராசா!"

லாசரின் கை தானாகத் தளர்ந்தது. கப்பிப் பக்கம் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினான்: "கல்லத் தூக்குங்கலே! கல்ல!"

கப்பி கிறீச்சிட்டது. கல் அசைந்த மறுகணம் லாசரின் கயிறு லேசாயிற்று. கைமாற்றிக் கைமாற்றி இழுத்தான். நூறு, நூற்றுப் பத்து... இஞ்ஞாசியின் தலை தெரிந்தது! தூக்கிப் படகில் போட்டு முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினான். தண்ணீரைக் கக்கிவிட்டு, தோலுரிந்த கணுக்காலைப் பிடித்துக்கொண்டு இஞ்ஞாசி முனகினான்.

"கட்டும்போதே உருண்டு கால்ல விழுந்திட்டு. கல்லு கால்ல கெடக்கு, நீ ஆள இழுக்கியே... பாவி மச்சான்."

லாசர் அழுதுவிட்டான். "நல்லா ஏசு மாப்பிள. இன்னும் ஏசு. நிறுத்தாத."

கப்பியில் அரசன் சொட்டச் சொட்டத் தொங்கினான். சுருட்டை முடி, நெற்றியைச் சுற்றி அரசப்பட்டை, நுனி உடைந்த மூக்கு. இரண்டாயிரம் வருஷத்துக்குப் பின் வெயிலுக்கு வந்தவனை அந்தப் படகில் ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. மைதிலி முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மச்சான் மாப்பிள்ளை என்றால் சண்டை வரத்தான் செய்யும். போடுங்கள், ஆனால் நேருக்கு நேர் வாய்விட்டுப் போடுங்கள்.

அரசனைப் பார்க்க ஊரே கரைக்குத் திரண்டு வந்தது. கரை சேரும்வரை இஞ்ஞாசி ஏசிக்கொண்டே வந்தான். லாசர் அவன் காலை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டு வந்தான்.