மருந்து நின்ற இடம்

படம் அளவுக்கு மீறித் தெளிவாக வந்திருந்தது. இதய ஸ்கேன் அறையில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு அதுதான் முதலில் உறுத்தியது. துடிக்கிற இதயத்தைப் படம் எடுப்பது ஓடுகிற பிள்ளைக்குத் தலைவாருகிற மாதிரி. எங்காவது ஓரிடம் கலைந்துதான் போகும். திரையில் முப்பரிமாணமாகச் சுழன்றுகொண்டிருந்த இந்த இதயத்தில் மயிரிழைக் குழாய்கூடக் கூர்மையாக இருந்தது. முன்பக்கத்துப் பெரிய ரத்தக்குழாய் மட்டும் நூலாக இளைத்து, அதற்குக் கீழே காணாமலே போயிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தது அவளுடைய அண்ணன். மாடி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்றவனை அவள்தான் திட்டி இழுத்து வந்திருந்தாள்.

ஈசிஜி கோடு ஏற்ற இறக்கமில்லாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஒயர் கழன்றிருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு மைக்கை அழுத்தினாள்.

"அண்ணா, என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலயே. மருந்து ஏத்தினப்ப ஒடம்பெல்லாம் சூடாச்சு. மூச்ச அடக்கச் சொன்னியா, அப்ப உள்ள ஏதோ டக்குனு நின்ன மாதிரி இருந்துச்சு. இப்ப சுகமா இருக்கு."

உள்ளே போனாள். ஸ்பிரிட் வாடை. இயந்திரத்தின் ஓயாத முனகல். ஒயர்கள் எல்லாம் சரியாக ஒட்டியிருந்தன.

"இன்னொரு தடவ எடுத்துடறேன்."

"எடு, எடு. ஓசின்னா விடவா போற?"

இந்த முறை மருந்து ஏற்றவில்லை. ரத்தம் வெள்ளையாகத் தெரிவதற்காக முன்பு ஏற்றிய மருந்து இதற்குள் இதயத்தைத் தாண்டி, உடம்பு முழுக்கக் கலந்து நீர்த்துப்போயிருக்க வேண்டும். புதிய படம் மெல்லத் திரண்டு எழுந்தது. அறைகள் நிறைய வெள்ளை. போன படத்தைப் பக்கத்தில் வைத்தாள். அதே வெள்ளை. அதே இடம். இம்மியும் நகரவில்லை.



ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்தாள். சூடு இருந்தது. நாடி இல்லை. கழுத்தைத் தொட்டாள். இல்லை.

"ஏன் இப்படிப் பாக்கற? பெருசா ஏதாவது இருக்கா?" என்றபடி அவன் ஒயர்களைக் கழற்றிவிட்டு எழுந்து சட்டையை மாட்டினான். அவசர மணியை நோக்கிப் போன அவள் கை பாதியில் நின்றது. வருகிறவர்களிடம் என்னவென்று சொல்வது? "அண்ணா, போகாத" என்று கத்தப் பார்த்தாள். முடியவில்லை.

அவன் கதவைத் திறந்து வெளியே போனான். அண்ணி மடியில் தூங்கிக்கொண்டிருந்த மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

குழந்தை சரிந்து அவன் நெஞ்சில் காதை வைத்துப் படுத்தது. கண்ணைத் திறந்தது. காதை எடுத்து இன்னோர் இடத்தில் வைத்தது. அப்புறம் வேறோர் இடம்.

பிறகு தலையைத் தூக்கி, கதவருகே வந்து நின்ற அத்தையைப் பார்த்தது.