வரப்பில் கடிக்காத பாம்பு

டாக்டர் சசிரேகா பணிக்கு வந்து இருபத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. வீட்டுக்குக் கிளம்பப் பையை எடுத்தபோது, காவாந்தண்டலத்து மோகன்குமார் தன் மனைவி வளர்மதியை ஆட்டோவிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"பாம்பு கடிச்சிட்ச்சி டாக்டரம்மா! காத்தால வரப்புல புல்லு அறுத்துக்கினு இருந்தா. அரை மணி நேரந்தான் ஆவுது."

சசிரேகா பையைக் கீழே வைத்தாள். வளர்மதியின் இமைகள் சரிந்திருந்தன, நா எழவில்லை. விஷமுறிவு மருந்து ஏறத் தொடங்கியது. நர்ஸ் ஷப்ரீன் கால் முழுக்கத் தேடிவிட்டு, கடைசியில் தோளில் கண்டுபிடித்தாள். இரண்டு புள்ளிகள். வீக்கமே இல்லை.

"பொய் சொல்றாரு மேடம்," என்று கிசுகிசுத்தாள். "தோள்ல கடிக்கப் பாம்பு இன்னா பறந்தா வந்துச்சி?"

"மெதுவா."

நிற்கத் தெம்பில்லாமல் சசிரேகா அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணா, இது கட்டுவிரியன். தரையில தூங்குறவங்களைத்தான் பெரும்பாலும் கடிக்கும். வீங்காது. முதல்ல வயிறு வலிக்கும். கண்ணு சொருகவே சில மணி நேரம் ஆகும். நீங்க சொல்ற அரை மணியில இப்படி ஆகாது. கால்லயும் சேறு இல்ல."

"வூட்டாண்ட கழுவிக்கினா..."

"தலைமுடியில பச்சை ஓலைத் துணுக்கு இருக்கு. விரலெல்லாம் மஞ்சள். வயசுக்கு வந்த பொண்ணுக்குக் குடிசை கட்டியிருக்கீங்க. இவங்க ராத்திரி அவளுக்குத் துணையா அதுக்குள்ளதான் படுத்திருந்தாங்க."

ஷப்ரீன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மோகன்குமார் சுவரைப் பார்த்தான். "ஞாயித்துக்கெயமை சடங்கு. சொந்தக்காரங்க அல்லாரையும் கூப்ட்டாச்சி. குடிசைல பாம்பு பூந்துச்சின்னு தெரிஞ்சா ராசியில்லாத பொண்ணுன்னுவாங்க. நாளைக்கு யாரு கட்டிக்குவான்?"

"உங்க பொய்யால இவங்க மருந்து மாறப் போறதில்ல." சசிரேகாவின் குரல் உயரவில்லை, உயர்த்த அவளிடம் எதுவும் மிச்சமில்லை. "ஆனா ஒரே பாம்பு பக்கத்துல படுத்தவங்களையும் கடிக்கலாம். கடிச்சதே தெரியாது. தெரியும்போது மூச்சு நிக்கும். அதான் கேக்குறேன். பொண்ணு எங்க?"

அவன் வாசலில் நின்ற ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணா, பொண்ணு எங்க?"

"குடிசைலதான் கீது. காத்தால வவுத்த வலின்னு அய்துச்சி. வயசுக்கு வந்த வலின்னு நெனச்சி, படுத்துக்கோன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."