புகை அடங்கிய கங்கு

சன்னல் விளிம்புகளில் எல்லாம் நீலப் பட்டுத் துணி திணித்திருந்தது. பியாட்ரிஸுக்கு முதலில் உறுத்தியது அதுதான். மேட்டுப்பாளையத்தில் விடியுமுன் பஸ் ஏறி, குந்தாவுக்கு மேலே தேயிலைச் சரிவை ஒட்டியிருந்த அண்ணன் வீட்டுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். பட்டப்பகலிலேயே மூடுபனி வாசல் கொடிக்கயிற்றை மறைத்திருந்தது. குளிருக்குச் சந்து அடைப்பது இந்த ஊர் வழக்கம்தான். ஆனால் அது அண்ணனின் சின்ன மகள் ஞானஸ்நானத்துக்கு அண்ணிக்கு இவளே எடுத்துக் கொடுத்த சேலை. நல்ல பட்டைக் கிழித்து எவளாவது சன்னலில் அடைப்பாளா?

தட்டுவதற்கு முன்பே அண்ணி பிலோமி கதவைத் திறந்தாள்.

"வா பியா. உங்கண்ணன் நேத்து டூட்டிக்குப் போனவரு, இன்னும் ஊடு வந்து சேரல. வெரசா உள்ள வா."

உள்ளே அனல். காய்ந்த இரும்பின் வாடையும், தைல வாடையும், ஈரம் உலராத கம்பளி வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின. அறை நடுவே கும்முட்டி அடுப்பில் கரிக்கங்குகள் செக்கச்செவேலென்று கனன்றன, மருந்துக்குக்கூடப் புகையில்லை. கட்டிலில் ஒரே கம்பளிக்குள் மூத்தவன் பெனிஸும் சின்னவள் ரேச்சலும் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள். கன்னங்கள் அப்படிச் சிவந்திருந்தன.

"ஏன்டா, ஊட்டிக் காரட்டாத் தின்னு கன்னம் இப்படிச் செவந்துருச்சா?" என்று சீண்டினாள். அத்தை வந்தால் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குகிற பிள்ளைகள். இரண்டும் சிரிக்கவில்லை.

"அத்த, கதவு. குளிருது," என்றாள் ரேச்சல்.

பாவம், பிள்ளைக்குக் குளிர்கிறது. பியாட்ரிஸே கதவைச் சாத்தித் தாழ்ப்பாளையும் போட்டாள்.

முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். கம்பளியிலிருந்து ஒரு கை வெளியே வரவில்லை. செல்லமாகச் சின்னவளின் பாதத்தைப் பிடித்தவள் சட்டென்று விட்டுவிட்டாள். அத்தனை அனலில் அது ஐஸாக இருந்தது.

"கும்முட்டிய உள்ள வெச்சுட்டு இப்படி அடைச்சு வெக்கலாங்களா அண்ணி?"

"வெளிய வெச்சுப் பத்தவெச்சு, புகையெல்லாம் அடங்குனப்புறந்தான் உள்ள கொண்டாந்தேன். புகை போயிருச்சுன்னா அது ஒண்ணும் பண்ணாது பியா."

மலையில் எல்லோரும் சொல்கிற பேச்சு. புகை போனாலும் கரியின் விஷவாயு போகாது, இதைச் சொல்லிவிட்டுப் படுத்த சில வீடுகளில் காலையில் யாரும் கதவைத் திறப்பதில்லை என்று அண்ணன் தேவநேசன் தலைதலையாக அடித்துக்கொள்வான். அண்ணியிடமும் அடித்துக்கொண்டிருப்பான்தானே?

"எப்பப் பத்தவெச்சீங்க?"

"நேத்துச் சாயங்காலம்."

நேற்று மாலை வைத்த கரி இந்நேரம் சாம்பலாகியிருக்க வேண்டும். கங்குகள் அப்போதுதான் பற்றியவை போலக் கனன்றன.

பொட்டில் யாரோ சுத்தியால் அடிப்பது போலிருந்தது. கால்கள் கனத்தன. பிள்ளைகளை வெளியே கொண்டுபோய்விட வேண்டும். வேறெதுவும் வேண்டாம். ரேச்சலைத் தூக்கி இடுப்பில் வைத்தாள், பெனிஸின் கையைப் பிடித்து இழுத்தாள். அண்ணி தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வெளிய குளிரும் பியா."

தாழ்ப்பாள் நகரவில்லை. நகம் பிய்ந்தது. "ஏசப்பா, இந்தப் புள்ளைங்கள மட்டும் காப்பாத்திரு," என்று அழுதாள், கதவை உதைத்தாள், தோளால் முட்டினாள்.

திறந்தது.

காற்று! ஈரக் காற்றை வாய்விட்டுக் குடித்தாள். தேயிலைச் செடிகள் முழங்காலைக் கீற, பனிக்குள் விழுந்தடித்து ஓடினாள். வளைவில் மஞ்சள் விளக்கு தெரிந்தது. பஸ்! ஏறி முதல் இருக்கையில் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு, சின்னவளின் தலையில் முகம் புதைத்துத் தேம்பினாள். அண்ணியை விட்டுவிட்டு வந்தோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கண்டக்டரிடம் சொல்லி ஆள் அனுப்பலாம் என்று நிமிர்ந்தாள்.

பஸ்ஸில் யாரும் இல்லை.

கதகதப்பாக இருந்தது. ரொம்பக் கதகதப்பு. காய்ந்த இரும்பு வாடை. தைல வாடை.

சன்னல் விளிம்பில் ஏதோ பளபளத்தது. ஜரிகை. நீலப் பட்டு. எல்லாச் சன்னலிலும்.

இருக்கைகளுக்கு நடுவே கும்முட்டி. புகையில்லை.

எதிர் இருக்கையில் அண்ணி.

மடியிலிருந்த பாதம் இன்னும் ஐஸாகவே இருந்தது.

எங்கோ கதவு இடிபட்டது. ரொம்பத் தூரத்தில் அண்ணனின் குரல்.

"பிலோமி! பியா! ஐயோ, கதவத் தொறங்க! பியா!"

இதோ வர்றேன் அண்ணா. கத்தினாள். சத்தம் வரவில்லை. எழுந்தாள். ஓரடி. இன்னோரடி. கையை நீட்டினால், அவளே போட்ட அதே தாழ்ப்பாள். விலக்கினால் போதும். கதவு இடிபட்டு இடிபட்டு, கீழ்ச்சந்து வழியாகப் பனி மெல்ல உள்ளே ஊர்ந்தது.

"அத்த," என்றாள் ரேச்சல். "குளிருது."

பாவம், பிள்ளைக்குக் குளிர்கிறது.

பியாட்ரிஸ் மண்டியிட்டாள். வெளியே அண்ணன் அவள் பெயரைச் சொல்லி அலறிக்கொண்டிருக்க, தன் முந்தானையைக் கிழித்து, கதவின் கீழ்ச்சந்தில் விரலால் அழுத்தி அழுத்தித் திணிக்கத் தொடங்கினாள்.