அப்பாவின் நீலப் பெட்டி

சுப்ரஜாவின் அப்பா சத்யநாராயணன் வங்கி அதிகாரி. இரும்புலியூரில் யாருக்கும் பயப்படாதவர். அப்பேர்ப்பட்டவரை அந்த ஞாயிற்றுக்கிழமை உள்ளங்கையளவு நீலப் பெட்டி ஒன்று பாடாய்ப் படுத்தியது.

ஐம்பது வயது தாண்டியவர்களுக்கெல்லாம் தன்னார்வலர் ஜோதிலட்சுமி அக்கா அதைக் கொடுத்திருந்தார். மலத்தில் துளியளவு எடுத்து, பெட்டியில் வைத்து ஒட்டித் தர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். குடல் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க அது உதவும்.

பெரியப்பாவுக்கு அந்த நோய் இருப்பது தாமதமாகத்தான் தெரிந்தது. அவர் பட்ட பாட்டைப் பார்த்ததிலிருந்து சுப்ரஜாவுக்கு அப்பாவை நினைத்துப் பயம்.

“அப்பா, பதினோரு மணிக்கு மேல வாங்க மாட்டாங்க. இப்பவே பத்தே முக்கால்!”

“எல்லாம் எடுத்து வச்சாச்சும்மா. ஆனா தெருவே பாக்குமே!”

கடைசியில் பெட்டியைத் துணிப்பையில் போட்டு, மேலே செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு கிளம்பினார். சுப்ரஜாவும் கூடவே ஓடினாள்.

தெருமுனையில் பெட்டிகளை வாங்க அக்கா போட்டிருந்த மேசை காலியாக இருந்தது. சுற்றிலும் எட்டு மாமாக்கள், எட்டுத் துணிப்பைகள். ஹேமநாத் மாமா மின்கம்பத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். பக்தவச்சலம் மாமா, தபீதாள் அக்காவின் கீரை வண்டியில் ஒரே கட்டை ஆறாவது முறையாகப் புரட்டினார். எல்லாப் பையிலும் நீல மூலை ஒன்று எட்டிப் பார்த்தது.

“காலையிலேருந்து இப்படித்தான் நிக்கறாங்க” என்று ஜோதிலட்சுமி அக்கா பெருமூச்சு விட்டார்.

சுப்ரஜா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“மாமா, எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க. நான் இருபது வரைக்கும் எண்றேன். அதுக்குள்ள வைக்கறவங்க வைக்கலாம். பெட்டில பேரு இல்ல, நம்பர்தான். யாருக்கும் தெரியாது!”

அக்காவும் கண்ணைப் பொத்திக்கொண்டார். சுப்ரஜா திரும்பி நின்று எண்ணினாள்.

“...பத்தொம்பது, இருபது!”

மேசையில் எட்டுப் பெட்டிகள் வரிசையாக, ஒழுங்காக இருந்தன. அப்பாவின் நம்பரை மட்டும் காணோம்!

“சார்!” தபீதாள் அக்கா தன் வண்டியைக் காட்டினார். முளைக்கீரைக்கு மேலே நீலப் பெட்டி! “இன்னா சார், இத்தயும் கீரையோட விக்கணுமா? எவ்ளோன்னு சொல்றது?”

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு பெட்டியை வைத்தவர் அப்பா ஒருவர்தான்!

அப்பாவின் காது சிவந்துவிட்டது. பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. பெட்டியை எடுத்து, எல்லாரும் பார்க்க நடந்துபோய் மேசையில் வைத்தார். மணி பத்து ஐம்பத்தெட்டு. சுப்ரஜாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

பத்து நாள் கழித்து அக்கா போன் செய்தார். அப்பா மொட்டைமாடிக்கு ஓடினார்.

“ஹேமநாத்! எனக்கு ஒண்ணும் இல்லையாம்!”

எதிர்வீட்டு மாடியிலிருந்து பதில் வந்தது. “எனக்கும்தான்! மெதுவா சொல்லுங்க சார், தெருவுக்கே கேக்குது!”

“கேக்கட்டும்!” என்று இன்னும் சத்தமாகக் கத்தினார் அப்பா.