இனாஸ் பெயரில் வரும் மெயில்

ஹாஸிம் ஆறரைக்கு எழுந்தான். முகம் கழுவினான். அவித்த மொச்சையில் எண்ணெய் ஊற்றி ரொட்டியோடு தின்றான். டிராம் பிடித்து அலெக்ஸாண்டிரியா துறைமுகத் தெருவில் இறங்கினான். கப்பல் ஏஜென்சியின் படிகளில் ஏறினான். இரண்டாம் மாடியைக் கடக்கும்போது குர்ஆன் ஓதும் குரல் தணிவாகக் கேட்டது. காலையில் எந்த அலுவலகத்தில்தான் கேட்காது? மூன்றாம் மாடியில் சர்வர் அறையைத் திறந்தான்.

பின்னாலேயே மேலாளர் ரிஃபாத் வந்தார். உட்காரவில்லை.

"இதை உன்கிட்ட கொண்டுவர எனக்கே மனசு வரல, ஹாஸிம். உன் சம்சாரம் பேர்ல பழைய மெயில் திரும்பத் திரும்பப் போகுது. 'நாளைக்கு ஏழாம் துறையில கப்பல் நிறுத்த இடம்'னு. இன்னைக்கு ஒரு கேப்டன் அதை நம்பிக் கப்பலையே கிளப்பிட்டார்."

மனைவி இனாஸ் இறந்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. இரண்டாம் மாடியில்தான் அவளுக்கு வேலை.

"மதியத் தொழுகைக்குள்ள காரணம் தெரியணும். இல்லேன்னா அவ மெயில் கணக்கை மொத்தமா அழிக்கச் சொல்லிடுவேன்."

ஹாஸிம் தலையசைத்தான். இனாஸ் அலுவலகத்தில் மயங்கி விழுந்தபோது அவன் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போயிருந்தான். கடைசியாக என்ன சொன்னாள் என்று அவனுக்குத் தெரியாது. யாரையும் கேட்கவும் இல்லை. ஒருவேளை அவள் அஞ்சல் பெட்டியில் ஏதாவது இருக்கலாம். இதுவரை அதைத் திறக்கத் துணிவில்லை. அழித்துவிட்டால் அதுவும் போய்விடும்.

ரிஃபாத் போனதும் உதவியாளன் லபீப் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். "யாரோ பாஸ்வேர்டைத் திருடிட்டான், இன்ஜினியரே! கணக்குப் பிரிவு அஷ்ரஃப் மேலதான் எனக்குச் சந்தேகம். என் நல்ல நாற்காலியைத் தூக்கிட்டுப் போனவன் அவன்."

"நாற்காலி திருடுறவனெல்லாம் மெயில் திருட மாட்டான். சர்வர் பதிவை எடு."

இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

"ரிஃபாத் சொன்ன மாதிரி இது ஏற்கெனவே போன மெயில் இல்ல" என்றான் ஹாஸிம். "எழுதின தேதி வியாழன். அவ இருந்த கடைசி நாள். ஆனா அன்னைக்கு இது நம்ம சர்வருக்கு வரவே இல்ல. முதல் தடவை போனதே அவளை அடக்கம் பண்ணினதுக்கு அப்புறம்தான்."

லபீப் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். "பிஸ்மில்லா! செத்தவங்க எப்படி..."

"பேய் வெள்ளி, சனி லீவு எடுக்காது. இது எடுக்குது. காலையில ஆபீஸ் திறந்ததும் போகுது, அவ கம்ப்யூட்டர்லேருந்தே. போன புதன் மட்டும் போகல. அன்னைக்கு ரெண்டாம் மாடியில யார் வரல?"

"மடாம் ஈவோன். பேத்திக்கு ஞானஸ்நானம். மறுநாள் இனிப்புக் கொடுத்தாங்களே, உங்க பங்கையும் நான்தான் தின்னேன்."

"அந்தப் புதன்கிழமை படியில ஓதுற சத்தமும் கேட்கல" என்று ஹாஸிம் எழுந்தான். "ரிஃபாத்தைக் கூப்பிடு."

இரண்டாம் மாடியில் இனாஸின் மேசையை வெள்ளைத் துணி மூடியிருந்தது. ஓதும் குரல் துணிக்கு அடியிலிருந்து வந்தது. பக்கத்து மேசையில் மடாம் ஈவோன் கழுத்துச் சிலுவையைப் பிடித்தபடி எழுந்து நின்றாள்.

"நீங்களா மடாம்?" என்றார் ரிஃபாத். "குர்ஆனா?"

"எனக்கு ஓதத் தெரியாது. பட்டனை அமுக்கத் தெரியும்." அவள் குரல் இறங்கியது. "எங்க வீட்டுக்காரர் போனப்ப அவ சர்ச்சுக்கு வந்து நாற்பதாம் நாள் பூசை முழுக்க என்கூட நின்னா. அவளுக்கும் நாற்பது வரைக்கும் ஓத விடலாம்னு நினைச்சேன். அவ மெஷின்ல ஓடினாத்தானே அவளுக்குச் சேரும்? பாஸ்வேர்டு விசைப்பலகைக்கு அடியில ஒட்டியிருக்கு."

"அதைக் கிழின்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்" என்றான் ஹாஸிம்.

"ஓதுறது ஓடினா மெயில் எப்படிய்யா போகும்?" என்றார் ரிஃபாத்.

"மெஷினைத் திறந்தா மெயிலும் தானாத் திறக்கும். அன்னைக்கு அவ எழுதினது போகாம அவுட்பாக்ஸ்லயே நின்னுடுச்சு. மடாம் திறந்ததும் போச்சு. போனதும் ஒரு நகலைப் பெட்டியில வைக்கணும். பெட்டியில இடமில்ல. வைக்க முடியாததால, போகலன்னு நினைச்சுக்கிட்டு மறுநாளும் அனுப்புது."

"பெட்டியில இடம் எப்படி இல்லாமப் போச்சு?" என்றான் லபீப்.

ஹாஸிம் துணியை விலக்கி, பெட்டியை முதல் முறையாகத் திறந்தான். திரை முழுக்க ரோஜாக்கள், மெழுகுவர்த்திகள், கறுப்புப் பட்டையோடு பெரிய பெரிய எழுத்துகள்.

"நீங்க அனுப்பின மரண அறிவிப்பு, ரிஃபாத் சார். ஆபீஸ் குழு முகவரிக்குப் போட்டீங்க. அதுல அவ பேரும் இருக்கு. எல்லாரும் எல்லாருக்கும் பதில் போட்டாங்க, படத்தோட. அவ இறந்ததுக்கு அவளுக்கே இரங்கல் வந்து ரொம்பிடுச்சு."

ரிஃபாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் ரோஜா அனுப்பினேன்" என்றார். பிறகு, "கணக்கு இருக்கட்டும். யாரும் தொட வேணாம்."

ஹாஸிம் படங்களை வேறிடத்துக்கு மாற்றினான். அவுட்பாக்ஸைப் பார்த்தான். நாலு மெயில். ஏழாம் துறை, சுங்க வரி, மாலுமிகளின் விசா, ஒரு தண்ணீர்ப் படகு. அவனுக்கு ஒன்றுமில்லை. நான்கையும் அழித்தான். ஓதலை நிறுத்தவில்லை.

ரிஃபாத்தும் லபீப்பும் போன பிறகும் அவன் நாற்காலியை விட்டு எழவில்லை.

"ஒண்ணுதான் புரியல, மடாம். மெயில் அன்னைக்கே போகலன்னா இந்த மாடியில நெட் லைன் அறுந்திருக்கணும். லைன் போனா எனக்குத்தானே ஃபோன் வரும்? ஏன் யாரும் பண்ணல?"

ஈவோன் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் ஃபோனைக் கையில எடுத்துட்டேன்டா கண்ணு. அவதான் பிடுங்கி வெச்சா. அப்புறம் தண்ணி குடிக்க எழுந்தா, விழுந்தா. வேற பேச்சு இல்ல."

"பிடுங்கும்போது என்ன சொன்னா?"

"'வேணாம் மடாம். இப்பத்தான் சாப்பிட உட்கார்ந்திருப்பான். சொன்னா அப்படியே போட்டுட்டு ஓடி வந்துடுவான். சாப்பிடட்டும்.'"