இரண்டு மாமாக்களின் காவல்

மணி மூன்று பத்து. ராசிபுரத்தில் மதுமதியின் வீட்டுக் கம்ப்யூட்டர், மேடு ஏறும் லாரியைப்போல இரைந்துகொண்டிருந்தது.

அவளுடைய அம்மா சித்ரா, வீட்டிலிருந்தே அழைப்பிதழ்கள் வடிவமைப்பவர். முத்தாயம்மாள் வீட்டுக் காதுகுத்து அழைப்பிதழை நான்கு மணிக்குள் அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அப்போதுதான் இன்றே அச்சாகும். நாளை காலை சொந்தபந்தங்களை அழைக்கக் கிளம்ப, முத்தாயம்மாள் காருக்குக்கூடச் சொல்லிவிட்டார்.

ஆனால், அம்மா மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி ஆடி அசைந்து பிறகுதான் வந்தது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு!" அம்மா மவுஸைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"நான் ஒருக்கா பாக்கட்டுமாம்மா?"

"தொட்டு இன்னும் கெடுத்துப்போடாத சாமி."

மதுமதிக்கும் அந்தப் பயம் இருந்தது. அவள் ஆறாம் வகுப்புதான் படிக்கிறாள். ஆனால், வெறுமனே பார்ப்பதால் எதுவும் கெடாதே!

பள்ளியில் காட்டித் தந்த டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரை எந்த வேலை எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் பட்டியல் அது. மொத்தம் நூறு சதவீதம்! அம்மாவின் டிசைனுக்குக் கிடைத்தது வெறும் ஆறு. மீதியில் பெரும்பகுதியை இரண்டு ஆண்டி-வைரஸ்கள் விழுங்கிக்கொண்டிருந்தன.

"எதுக்கும்மா ரெண்டு?"

"பெரிய மாமா போன வருசம் ஒண்ணு போட்டுக் குடுத்தாரு. நேத்து சின்ன மாமன் வந்து, 'எங்கக்கா ஊட்டுக்கு நான் ஒண்ணும் செய்யக்கூடாதா?'ன்னு அவனும் ஒண்ணைப் போட்டுட்டான்."

"ரெண்டு காவக்காரங்களும் ஒருத்தரை ஒருத்தர் திருடன்னு சோதிக்கறாங்கம்மா. ஒண்ணை எடுத்துரலாம்."

"யாரோடதை எடுக்கறது? உன் காதுகுத்துல சீர்த்தட்டை யார் முன்னால தூக்கறதுன்னு முறைச்சுக்கிட்டவங்கடி ரெண்டு பேரும்!"

சொல்லாமல் எடுத்துவிட்டுப் பிறகு தெரிந்தால் இன்னும் வருத்தம். மதுமதி யோசித்தாள். அம்மாவின் போனில் இருவரையும் ஒரே அழைப்பில் பிடித்தாள்.

"மாமா, ரெண்டு பேரும் லைன்ல இருக்கீங்களா? அம்மா அழுகற மாதிரி இருக்காங்க."

"என்னாச்சு சாமி?" இரண்டு குரல்களும் ஒன்றாகப் பதறின.

அவள் பொறுமையாக விளக்கினாள். "நீங்க ரெண்டு பேரும் பாசத்துலதான் போட்டீங்க. ஆனா ஒண்ணுதான் இருக்கோணும்."



"என்னோடதை எடுத்துரு சாமி," என்றார் பெரிய மாமா காளிதாஸ்.

"அதெப்படிங்கண்ணா? நீங்க பெரியவங்க. என்னோடதை எடுக்கட்டும்," என்றார் சின்ன மாமா அன்பரசு.

"டேய், நான் சொல்றேன்ல!"

"இல்லீங்கண்ணா!"

மதுமதி கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று இருபத்தைந்து.

"விட்டுக்குடுக்கறதுலயும் சண்டையா மாமா? எது சீக்கிரம் காலாவதியாகுதோ, அதை எடுத்தர்றேன்." தேடிப் பார்த்தாள். "பெரிய மாமாவோடது அடுத்த வாரம் முடியுதுங்க."

"அப்பப் பிரச்சினையே இல்ல. எடு!"

அதை நீக்கிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடியும் போட்டாள். சரியாகுமா? மெல்ல மெல்ல இரைச்சல் அடங்கியது. பட்டியலில் நூறு இருந்த இடத்தில் இப்போது இருபத்திரண்டு!

"தள்ளு, தள்ளு!" அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மூன்று ஐம்பதுக்கு அழைப்பிதழ் போனது. மூன்று ஐம்பத்து மூன்றுக்கு அச்சகத்திலிருந்து திரையில் பதில் வந்தது: 'கிடைத்தது. மிஷினில் ஏற்றுகிறோம்.'

அம்மா அவள் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டார்.

மேசைமேல் கிடந்த போனில் மாமாக்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. துண்டிக்கப் போன மதுமதி, அவர்கள் பேசட்டும் என்று கையை எடுத்துக்கொண்டாள்.