வழிகாட்டி வண்டிக்குப் பின்னால்

உள்ளே விட்டது ஐந்து வண்டி. கண்ணாடியில் வெர்னா எண்ணிப் பார்த்தபோது ஆறு ஜோடி விளக்குகள் வந்துகொண்டிருந்தன.

வடக்கே காடு பற்றியெரிந்ததில் மதியம் மூன்று மணிக்கே கனடாவின் சஸ்காட்செவன் சமவெளி முழுக்கப் புகை மூடிக் கிடந்தது. சூடான தார் வாசமும் கருகிய மரத்தின் வாசமும் சேர்ந்து தொண்டை கமற, சரளைச் சாலையை நெடுஞ்சாலையாக்கும் வேலை நடக்கும் ஒன்பது கிலோமீட்டரில் திறந்திருந்த ஒற்றைப் பாதையில், 'பின்தொடரவும்' பலகை மாட்டிய பிக்கப்பை ஓட்டிக்கொண்டு அவள் காலையிலிருந்து வண்டிகளை அழைத்துப் போவதும் வருவதுமாக இருந்தாள். எண்ணிக்கை தப்பினால் எதிரெதிரே மோதிச் சாக வேண்டியதுதான். மறுமுனையில் அடுத்து நுழையக் காத்திருந்தது அவள் கணவன் லார்னின் தார்க்கலவை லாரி.

கிழக்கு முனை வந்ததும், அங்கே கொடி பிடித்து வண்டிகளை விடும் ஊழியர் ஓர்வில், ஐந்தும் வெளியே வந்தாயிற்று, பாதை காலி என்றார். அவள் நம்பவில்லை. இன்னொன்று உள்ளே நிற்கிறது, லார்னை விடாதீர்கள் என்று கெஞ்சினாள். அரை மணி நேரம் பார்த்தார்கள். எதுவும் வரவில்லை.

ரேடியோவில் லார்ன் சிரித்தான். "என்னம்மா, புகையில கண்ணு அவிஞ்சு போச்சா? கலவை ஆறிடுச்சுன்னா அத்தனையும் குப்பைதான். கூட்டிட்டுப் போ."

சரி என்றாள். பாழாய்ப்போன பயம் மட்டும் இறங்கவில்லை. வழி நெடுக முன்னால் பார்த்ததைவிடக் கண்ணாடியைத்தான் அதிகம் பார்த்தாள். பின்னால் ஒரே ஒரு ஜோடி விளக்கு. விலகவில்லை. நெருங்கவும் இல்லை. அவன்தான். அவன்தான் என்று சொல்லிக்கொண்டே ஓட்டினாள்.

மேற்கு முனை வந்தது. அங்கே கொடி பிடிக்கும் டெல்மா அவள் வண்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"ஏன் தனியா வர்றே? லார்ன் எங்க?"

வெர்னா திரும்பினாள். புகை. லாரி இல்லை. விளக்கும் இல்லை.

ரேடியோ கரகரத்தது. "மெதுவாப் போயேன், வெர்னா. வளைவுல இவ்வளவு வேகமா? உன் பலகையே தெரிய மாட்டேங்குது."

வளைவா? குட்டையைச் சுற்றி வளைந்துபோன பழைய பாதையைப் போன மாதமே தோண்டியெடுத்துக் குட்டைத் தண்ணீரை அதில் விட்டிருந்தார்கள். புதுச் சாலை நூல் பிடித்தாற்போல நேர்.

ரேடியோ விசையை அழுத்தினாள்.

"லார்ன், நில்லு. அது நானில்ல."

ரேடியோவில் லாரியின் சக்கரத்தடியில் சரளை நொறுங்கும் சத்தம். பிறகு ஒரு பெண் குரல். அவளுடைய குரல். அவள் வாய் மூடியிருந்தது.

"இன்னும் கொஞ்சந்தான் லார்ன். வந்துட்டோம்."